ஐலாவின் புகை: லஃப்ராய்க் வடிசாலையின் இருநூறு ஆண்டுகள்

ஸ்காட்லாந்துக்கு மேற்கே கடலில் ஐலா என்றொரு தீவு. நாற்பது கிலோமீட்டர் நீளம், மூவாயிரத்துச் சொச்சம் மக்கள். இந்தச் சின்னத் தீவில் விஸ்கி வடிக்கும் ஆலைகள் மட்டும் பத்து இருக்கின்றன. தெற்குக் கரையில் உள்ள போர்ட் எலன் என்ற துறைமுக ஊரிலிருந்து கிழக்கே நடந்தால், ஐந்து கிலோமீட்டருக்குள் மூன்று வடிசாலைகள் அடுத்தடுத்து வரும்: லஃப்ராய்க், லாகவூலின், ஆர்ட்பெக். மூன்றுமே கடலைப் பார்த்த வெள்ளைச் சுவர்க் கட்டடங்கள். கடலில் வருகிறவர் தொலைவிலிருந்தே படிக்கும்படி சுவரில் பெரிய கறுப்பு எழுத்துகளில் ஆலையின் பெயர் இருக்கும்.

மூன்றில் முதலில் வருவது லஃப்ராய்க். அதன் விஸ்கியை முதன்முறை முகர்ந்து பார்ப்பவர்களில் பலர் முகம் சுளிப்பார்கள். மருத்துவமனை வாடை, டிஞ்சர், தார், கடற்பாசி, அணைந்த நெருப்பு எல்லாம் கலந்த ஒரு நெடி அதில் அடிக்கும். உலகில் இந்த நெடிக்காகவே அதைத் தேடி வாங்குபவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். இதை ஒருபோதும் வீட்டுக்குள் விடமாட்டேன் என்பவர்களும் உண்டு. நடுவில் நிற்பவர்கள்தான் குறைவு.

1815ல் தொடங்கிய இந்த ஆலை பல உரிமையாளர்களைக் கண்டது. ஒரு சாவு, ஒரு வழக்கு, இரண்டு உலகப் போர்கள், நான்கைந்து பெரு நிறுவனங்கள் என்று எல்லாவற்றையும் கடந்து வந்திருக்கிறது. அத்தனைக்கும் நடுவே கைமாறிக் கைமாறி வந்த ஒரே சொத்து அந்தப் புகை. அது எங்கே பிறந்தது, எப்படி ஒரு பாட்டிலுக்குள் வந்து சேர்ந்தது, யார் அதைக் காப்பாற்றினார்கள் என்று பார்த்தால், ஒரு விஸ்கியின் கதையோடு ஒரு தொழில் தன் குணத்தை எப்படி வைத்துக்கொள்கிறது என்பதும் புரியும்.

சதுப்பில் பிறந்தது

ஐலாவில் காடு என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் இல்லை. அட்லான்டிக் காற்று மரங்களை ஓங்கி வளர விடுவதில்லை. மழைக்கு மட்டும் குறைவில்லை. தண்ணீர் வடியாமல் தேங்கும் சதுப்புகளில் ஸ்பேக்னம் என்னும் பாசியும், ஹெதர் புதரும், கோரைகளும் வளர்ந்து மடிகின்றன. தண்ணீருக்குள் காற்றுப் படாமல் கிடப்பதால் அவை முழுக்க மட்குவதில்லை. அரைகுறையாக மட்கி, ஒன்றின்மேல் ஒன்று அமுங்கி, கரும்பழுப்பு நிறத்தில் இறுகிப் போகின்றன. இதற்குத்தான் பீட் என்று பெயர். ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் சேரும். ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தோண்டினால், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பாசி மண்வெட்டியில் வரும்.

மரமும் நிலக்கரியும் இல்லாத தீவில் இதுதான் எரிபொருள். வீட்டு அடுப்பில் எரிந்ததும் இதுதான், பார்லியை உலர்த்திய சூளையில் எரிந்ததும் இதுதான். புகை வாசம் வேண்டும் என்று யாரும் திட்டமிட்டுச் சேர்க்கவில்லை. கையில் இருந்ததை எரித்தார்கள், புகை தானாக வந்து தானியத்தில் ஒட்டிக்கொண்டது.

அந்தக் காலத்தில் ஸ்காட்லாந்தின் மற்ற பகுதிகளிலும் பீட் எரித்துத்தான் விஸ்கி செய்தார்கள். ரயில் வந்ததும் நிலைமை மாறியது. 1863ல் ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக ரயில் பாதை திறக்கப்பட்டது. புகை குறைந்த கோக் கரி அங்கிருந்த ஆலைகளுக்கு எளிதாக வந்து சேர்ந்தது. அந்தப் பக்கத்து விஸ்கிகள் மெல்லப் புகையை விட்டு, பழ வாசமும் மென்மையும் கொண்டவையாக மாறின. ஐலாவுக்கு ரயில் போகவில்லை. கரி வேண்டுமென்றால் கப்பலில் காசு கொடுத்து இறக்க வேண்டும். பீட்டோ வீட்டுக்குப் பின்னால் கிடந்தது. ஊரெல்லாம் கைவிட்ட புகை ஐலாவில் தங்கியதற்கு முதல் காரணம் இந்தப் பொருளாதாரம்தான்.

பண்ணையில் தொடங்கிய தொழில்

லஃப்ராய்கைத் தொடங்கியவர்கள் அலெக்சாண்டர் ஜான்ஸ்டன், டொனால்ட் ஜான்ஸ்டன் என்ற சகோதரர்கள். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மாடு வளர்த்தவர்கள். மாட்டுக்குக் குளிர்காலத் தீனியாக பார்லி பயிரிட்டார்கள். மிஞ்சிய பார்லியை விஸ்கியாக வடித்தார்கள். தானியத்தை மூட்டையாகக் கப்பல் ஏற்றுவதைவிட சாராயமாக ஏற்றினால் லாபம் அதிகம். சில ஆண்டுகளில் மாட்டைவிட வடிப்பே பெரிய தொழிலானது.

அன்றைய ஸ்காட்லாந்தில் கள்ளச்சாராயம் சாதாரணம். வரி அதிகம், மலையும் கடலும் மறைவிடம் கொடுத்தன. 1823ல் பிரிட்டிஷ் அரசு சட்டத்தை மாற்றி, ஆண்டுக்கு பத்து பவுண்டு உரிமக் கட்டணமும் குறைந்த வரியும் என்று கொண்டுவந்த பிறகே சட்டப்படி வடிப்பது கட்டுப்படியாகும் தொழிலானது. இன்று நாம் அறிந்த பல பழைய ஆலைகள் உரிமம் பெற்றது அந்தச் சட்டத்துக்குப் பிறகுதான்.

1836ல் டொனால்ட் தன் சகோதரரின் பங்கை 350 பவுண்டு கொடுத்து வாங்கினார். 1847ல் ஆலையில் இருந்த தொட்டி ஒன்றில் விழுந்து இறந்து போனார். மகன் டூகால்ட் அப்போது சிறுவன். பக்கத்து லாகவூலின் ஆலையை நடத்திய வால்டர் கிரஹாம், பையன் பொறுப்பேற்கும் வயது வரும்வரை, பத்து ஆண்டுகள் லஃப்ராய்கையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். இன்றைக்குப் போட்டி நிறுவனங்கள் என்று நாம் பார்க்கும் இரண்டு ஆலைகளும் அன்று ஒரே ஊரின் இரண்டு குடும்பங்களாக இருந்தன.

1857ல் டூகால்ட் பொறுப்பேற்றார். 1877ல் அவர் இறந்ததும் அவருடைய சகோதரி இசபெல்லாவிடமும், அவரை மணந்த உறவுக்காரர் அலெக்சாண்டர் ஜான்ஸ்டனிடமும் ஆலை வந்தது. 1880களில் ஆல்ஃப்ரட் பர்னார்ட் என்ற பத்திரிகையாளர் பிரிட்டனில் இருந்த விஸ்கி ஆலைகளையெல்லாம் சுற்றிப் பார்த்து 1887ல் பெரிய நூலாக வெளியிட்டார். அவர் கணக்குப்படி லஃப்ராய்கின் ஆண்டு உற்பத்தி 23,000 கேலன், சுமாராக ஒரு லட்சம் லிட்டர். இன்றைய உற்பத்தித் திறன் முப்பது லட்சம் லிட்டருக்கு மேல். அளவு முப்பது மடங்கு பெருத்தும் புகை போகவில்லை. அது எப்படி என்று தெரிய வேண்டுமானால் ஆலைக்குள் போக வேண்டும்.

தரையில் விரித்த பார்லி

இன்று பெரும்பாலான ஸ்காட்ச் ஆலைகள் முளைகட்டி உலர்த்திய பார்லியை, அதாவது மால்ட்டை, வெளியிலிருந்து லாரி லாரியாக வாங்குகின்றன. லஃப்ராய்க் தன் தேவையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இன்றும் தானே தரையில் விரித்து முளைகட்டுகிறது. மிச்சம் வெளி மால்ட் ஆலைகளிலிருந்து வருகிறது.

தண்ணீரில் ஊறவைத்த பார்லியை வடித்து, நீண்ட கூடத்தின் கல்தரையில் கணுக்கால் உயரத்துக்குப் பரப்புகிறார்கள். ஜன்னல்களைத் திறந்தும் மூடியும்தான் சூட்டைக் கட்டுப்படுத்துவது. முளைவிடும்போது தானியம் தானே சூடாகும். அப்படியே விட்டால் அடியில் வெந்து போகும், வேர்கள் பின்னிக்கொண்டு பாய்போல் எழும்பும். அதனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவு பகல் பார்க்காமல், ஆள் இறங்கி மரத் துடுப்பால் அள்ளிப் புரட்டிப் போட வேண்டும், வாரியால் இழுத்துப் பிரிக்க வேண்டும். பழைய நாளில் வாழ்நாளெல்லாம் இதைச் செய்தவர்களுக்குத் தோள் ஒரு பக்கம் இறங்கிவிடும். ஐந்தாறு நாள் கழித்து, விதைக்குள் இருக்கும் மாவு சர்க்கரையாக மாறத் தயாரானதும், முளை மேலும் வளர்ந்து அந்த மாவைத் தின்றுவிடாமல் நிறுத்தியாக வேண்டும். நிறுத்துவது சூளை.

சூளையின் மேல்தளம் ஓட்டை போட்ட உலோகத் தகடு. அதன்மேல் ஈரமான முளைப் பார்லி. கீழே பீட் எரிகிறது. கொழுந்துவிட்டு எரிய விடுவதில்லை. தீவின் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள கிளென்மாக்ரி சதுப்பிலிருந்து கையால் வெட்டியெடுத்து, கோடையில் வெளியில் அடுக்கி உலர்த்திய பீட் கட்டிகள் அவை. முழுக்கக் காய்ந்துவிடாமல் கொஞ்சம் ஈரம் வைத்துத்தான் போடுகிறார்கள். நம் வீட்டுக் கொல்லையில் பாதி காய்ந்த விறகால் அடுப்பை மூட்டினால் எப்படித் தீயைவிடப் புகை முந்துமோ, அப்படி. பார்லியில் ஈரம் இருக்கும்போதுதான் புகை நன்றாக ஒட்டும். அதனால் முதலில் சுமார் 15 மணி நேரம் குறைந்த சூட்டில் புகை மட்டும் காட்டுகிறார்கள். அதற்குப் பிறகே சூடாக்கிய காற்றைச் செலுத்தி உலர்த்துகிறார்கள். புகையூட்டுவதும் உலர்த்துவதும் இங்கே தனித்தனி வேலை. லஃப்ராய்கின் குணம் உருவாகும் முதல் இடம் இதுதான்.

அந்தப் புகையில் இருப்பது ஃபீனால் குடும்பத்துச் சேர்மங்கள். லஃப்ராய்கின் மால்ட்டில் பத்து லட்சத்தில் 40 முதல் 45 பங்கு ஃபீனால் இருக்கும். மருத்துவமனை வாடை என்று நாம் சொல்வதற்குக் காரணம் இதே சேர்மம்தான். கார்பாலிக் அமிலம் என்பது ஃபீனாலின் இன்னொரு பெயர். அறுவை சிகிச்சையில் புண் சீழ்ப்பிடிக்காமல் இருக்க அதை முறையாகப் பயன்படுத்தத் தொடங்கியவர் ஜோசப் லிஸ்டர் என்ற மருத்துவர். ஆண்டு 1865, இடம் ஐலாவிலிருந்து ஒரு நாள் பயணத்தில் உள்ள கிளாஸ்கோ நகரம். அதற்குப் பிறகு அறுவை அறைகளிலும் சோப்புக் கட்டிகளிலும் அந்த வாடை குடியேறியது. ஜான்ஸ்டன் சகோதரர்களின் விஸ்கியை 1820களில் குடித்தவருக்கு அது ஊர் அடுப்பின் வாசமாக மட்டுமே தெரிந்திருக்கும். மருத்துவமனையை நினைவுபடுத்தும் என்று அவர் சொல்லியிருக்க வழியில்லை. விஸ்கி மாறாமலே அதன் வாசத்துக்கு அர்த்தம் மாறிப்போனது.

கொப்பரையில் நடக்கும் தேர்வு

உலர்ந்த மால்ட்டை அரைத்து வெந்நீர் ஊற்றினால் இனிப்பான சாறு இறங்கும். அதில் ஈஸ்ட் சேர்த்து இரண்டு நாளுக்கு மேல் புளிக்க விட்டால், பீர் அளவுக்குப் போதையுள்ள ஊறல் கிடைக்கும். தண்ணீர் ஆலைக்கு மேலே உள்ள கில்பிரைட் ஓடையிலிருந்து வருகிறது. பீட் நிலத்தின் வழியாக ஓடி வருவதால் தேநீர் போலப் பழுப்பாக இருக்கும். விளம்பரங்களில் இந்தத் தண்ணீருக்குத்தான் எல்லாப் பெருமையும் போகும். உண்மையில் புகையின் மிகப் பெரிய பங்கு சூளையிலிருந்து வருவதுதான்.

ஊறலைச் செம்புக் கொப்பரைகளில் இரண்டு முறை காய்ச்சி வடிக்கிறார்கள். லஃப்ராய்கில் ஏழு கொப்பரைகள். முதல் வடிப்புக்கு மூன்று, இரண்டாவதுக்கு நான்கு. இரண்டாவது வரிசையில் ஒன்று மட்டும் மற்ற மூன்றைப்போல் இரு மடங்கு பெரியது.

இரண்டாம் வடிப்பில்தான் வடிப்பவரின் தீர்ப்பு. முதலில் இறங்குவதைச் சேர்ப்பதில்லை. கடைசியில் இறங்குவதையும் சேர்ப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் வருவதை மட்டும் பீப்பாய்க்கு எடுத்து, மற்றதை மறு காய்ச்சலுக்கு அனுப்புகிறார்கள். பல ஆலைகள் முதல் வடியைக் கால் மணி அல்லது அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு நடு வடிக்குப் போய்விடும். லஃப்ராய்க் 45 நிமிடம் ஒதுக்குகிறது. அந்த நேரத்தில் போவது பழ வாசமும் இனிப்பு வாசமும் கொண்ட லேசான பொருட்கள். விலக்கியது இனிமை. அதற்கு ஈடாக, பிந்தி இறங்கும் கனமான ஃபீனால்கள் வருவதற்காகச் சாராயத்தின் வலு 60 சதவீதம் வரை இறங்கும்வரை சேகரிக்கிறார்கள். பழ வாசத்தைத் தள்ளிவிட்டுப் புகையைப் பிடித்துக்கொள்வது என்பது நாள்தோறும் கடிகாரத்தைப் பார்த்து எடுக்கும் முடிவு. லாகவூலினிலும் ஆர்ட்பெக்கிலும் இதே தீவின் புகைதான். ஆனாலும் மூன்றும் மூன்று விதமாக இருப்பதற்கு இப்படிப்பட்ட சின்னச் சின்ன முடிவுகள் பெரிய காரணம்.

நகல் எடுக்கப் பார்த்த கதை

ஒரு ஆலையின் குணம் இப்படிப்பட்ட சின்ன முடிவுகளின் கூட்டு என்பதை வேறு யாரும் நிரூபிக்கத் தேவையில்லாதபடி ஒரு மனிதர் தன் பணத்தைப் போட்டு நிரூபித்துவிட்டார். அவர் பெயர் பீட்டர் மேக்கி. லாகவூலின் ஆலையின் உரிமையாளர், ஒயிட் ஹார்ஸ் என்ற புகழ்பெற்ற கலப்பு விஸ்கியின் சொந்தக்காரர். லஃப்ராய்கின் சரக்கை வெளியே விற்கும் முகவர் உரிமை பல பத்தாண்டுகளாக அவருடைய நிறுவனத்திடம் இருந்தது. லஃப்ராய்க் குடும்பம் 1907ல் அந்த ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. மேக்கிக்குக் கடும் கோபம். லஃப்ராய்குக்குப் போகும் தண்ணீரைக் கல் போட்டு அடைக்க ஆள் விட்டார். விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. தண்ணீரைத் திறந்துவிடும்படி தீர்ப்பு வந்தது.

தோற்ற மேக்கி வேறு வழியைப் பிடித்தார். 1908ல் லாகவூலின் வளாகத்துக்குள்ளேயே மால்ட் மில் என்ற சிறிய வடிசாலையைக் கட்டினார். லஃப்ராய்கின் கொப்பரை வடிவத்திலேயே கொப்பரைகள் செய்தார். லஃப்ராய்கில் ஊறல் போட்டுவந்த ஆளையே அதிகச் சம்பளம் கொடுத்து அழைத்து வந்தார். பீட் மட்டும் எரித்து பார்லி உலர்த்தினார். இடைவெளி இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. அதே கடல், அதே மழை. வந்த விஸ்கி நன்றாகவே இருந்தது. ஆனால் லஃப்ராய்காக இல்லை.

மால்ட் மில் 1960களின் தொடக்கம் வரை ஓடி, 1962ல் நின்றது. வேறு ஆலைச் சரக்கோடு கலக்காத தனி மால்ட்டாக அது சந்தைக்கு வந்து பெயர் எடுக்கவே இல்லை. அதன் கடைசி வடிப்பின் சாராயம் ஒரு சிறு குப்பியில் லாகவூலினில் காட்சிக்கு இருக்கிறது. கென் லோச் இயக்கிய 2012ஆம் ஆண்டின் ‘ஏஞ்சல்ஸ் ஷேர்’ திரைப்படத்தில் கதையை நகர்த்துவதே மால்ட் மில் பீப்பாய் ஒன்றுதான்.

கொப்பரை வடிவம், ஆள், தீவு, பீட் என்று மேக்கி வாங்கக்கூடிய எல்லாவற்றையும் வாங்கினார். ஓடை நீர், அந்தச் சூளையின் காற்றோட்டம், தொட்டிகளில் பழகிப்போன நுண்ணுயிர்கள், ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்லாமலே செய்யும் வேலை ஒழுங்கு ஆகியவற்றின் மொத்தக் கூட்டு விலைக்குக் கிடைக்கவில்லை. ஒரு ஆலையின் குணம் அதன் ஒரே ஒரு ரகசியத்தில் இருப்பதாக நினைப்பவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

ஹன்டரும் பெஸ்ஸியும்

வழக்கு நடந்த காலத்தில் குடும்பத்தின் சார்பில் ஆலைக்கு வந்தவர் இயன் ஹன்டர், ஜான்ஸ்டன் வம்சத்தின் கடைசி உரிமையாளர். 1908ல் வந்த இளைஞர் 1954ல் இறக்கும்வரை லஃப்ராய்கிலேயே வாழ்ந்தார். 1921ல் ஆலை நின்ற நிலத்தை விலைக்கு வாங்கினார். 1923ல் கொப்பரைகளை இரண்டிலிருந்து நான்காக்கி உற்பத்தியை இரட்டிப்பாக்கினார். புதிய கொப்பரைகளைப் பழையவற்றின் அச்சு மாறாமல் செய்யச் சொன்னார். வெளியாட்கள் ஆலையைப் பார்ப்பதையும், அதைப் பற்றி எழுதுவதையும் அவர் விரும்பவில்லை.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. மருத்துவர் சீட்டு இருந்தால் மருந்துக் கடையில் சாராயம் வாங்கலாம் என்ற சலுகை மட்டும் இருந்தது. லஃப்ராய்கின் நெடியை முகர்ந்த சுங்க அதிகாரிகள் இது மருந்துதான் என்று நம்பி உள்ளே விட்டார்கள் என்று ஆலையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அந்தக் கதைப்படி, குறையாகத் தோன்றிய வாசமே லஃப்ராய்குக்கு ஒரு நாட்டின் கதவைத் திறந்துவிட்டது.

1934 கோடையில் சுருக்கெழுத்தும் தட்டச்சும் தெரிந்த ஒருவர் மூன்று மாதத்துக்கு வேண்டும் என்று ஹன்டர் ஆள் தேடினார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படித்து, ஆசிரியை ஆகக் காத்திருந்த எலிசபெத் வில்லியம்சன் அந்த வேலைக்கு வந்தார். எல்லோரும் அவரை பெஸ்ஸி என்று அழைத்தார்கள். மூன்று மாதத்துக்கு வந்தவர் 1972ல் ஓய்வு பெறும்வரை ஆலையிலேயே இருந்தார்.

1938ல் ஹன்டர் பக்கவாதத்தால் படுத்தார். அன்றாடப் பொறுப்பு பெஸ்ஸியிடம் வந்தது. போர்க்காலத்தில் ராணுவம் ஆலையின் கட்டடங்களை வெடிமருந்து வைக்கக் கேட்டது. வடிப்பு நின்றது. வந்து போகும் படைகளுக்கு நடுவே பீப்பாய்களையும் கொப்பரைகளையும் சேதமில்லாமல் காத்து, போர் முடிந்ததும் பழையபடி நெருப்பு மூட்ட வைத்தவர் பெஸ்ஸி. ஹன்டருக்குப் பிள்ளை இல்லை. யாரிடமும் சொல்லாத தொழில் நுணுக்கங்களை பெஸ்ஸியிடம் சொன்னார். 1954ல் இறந்தபோது ஆலையை உயிலில் அவருக்கே எழுதி வைத்திருந்தார். இருபதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் ஒரு விஸ்கி ஆலைக்குச் சொந்தக்காரராக இருந்து அதை நடத்திய ஒரே பெண் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள்.

அந்த நாளில் ஐலா விஸ்கிகளில் பெரும்பகுதி கலப்பு விஸ்கி நிறுவனங்களுக்குப் போனது. ஆயிரம் லிட்டர் கலவைக்குச் சில லிட்டர் ஐலா சரக்கு சேர்த்தால் போதும், புகை மணம் வந்துவிடும். தனி மால்ட்டாக, சொந்தப் பெயரில் குடிப்பவர்கள் மிகக் குறைவு. பெஸ்ஸி 1961 முதல் 1964 வரை ஸ்காட்ச் விஸ்கி சங்கத்தின் பேச்சாளராக அமெரிக்காவெங்கும் போனார். இந்தத் தீவின் விஸ்கியை அதன் பெயரிலேயே கேட்கும் காலம் வரும் என்று பேசினார். இன்று உலகம் முழுக்க ‘ஐலா மால்ட்’ என்று கேட்டு வாங்குவதைப் பார்க்கும்போது, அவர் எவ்வளவு சீக்கிரம் அதைக் கண்டுகொண்டார் என்பது தெரிகிறது.

ஆலையை விரிவாக்கப் பணம் வேண்டியிருந்தது. 1960களில் பெஸ்ஸி தன் பங்குகளைக் கட்டம் கட்டமாக லாங் ஜான் நிறுவனத்துக்கு விற்றார், நிர்வாகத்தில் மட்டும் தொடர்ந்து இருந்தார். விற்றது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. என் பார்வையில் அது சரியான முடிவு. வாரிசு இல்லாத ஒருவர், தான் போன பிறகு ஆலை மூடப்படாமல் இருக்க, தான் இருக்கும்போதே வழி செய்தார். ஐலாவிலேயே போர்ட் எலன் வடிசாலை 1983ல் மூடப்பட்டு நாற்பது ஆண்டு கழித்து 2024ல்தான் மறுபடி திறந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த அச்சம் வெறும் கற்பனை இல்லை என்பது விளங்கும்.

பீப்பாயில் பத்து ஆண்டு

வடித்த சாராயம் தண்ணீர்போல நிறமில்லாமல் இருக்கும். சட்டப்படி அது ஓக் மரப் பீப்பாயில், ஸ்காட்லாந்து மண்ணில், குறைந்தது மூன்று ஆண்டுகள் இருந்தால்தான் ஸ்காட்ச் விஸ்கி. லஃப்ராய்கின் முதன்மைச் சரக்கு பத்து ஆண்டு இருக்கிறது.

பீப்பாய்கள் பெரும்பாலும் அமெரிக்காவின் கென்டக்கியிலிருந்து வருகின்றன. போர்பன் விஸ்கியைப் புதிய, உள்ளே கருக்கிய ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒருமுறை பயன்படுத்தியது அவர்களுக்கு ஆகாது, ஸ்காட்லாந்துக்கு ஆகும். கருகிய மரத்தில் ஊறிய வெனிலா இனிப்பு, புகையின் முரட்டுத்தனத்தைக் கொஞ்சம் தணிக்கிறது. லஃப்ராய்க் குடிப்பவர்கள் நெடிக்குப் பின்னால் உணரும் அந்த மெல்லிய இனிமை அமெரிக்க மரத்தின் பங்கு.

கடற்கரைக் கிட்டங்கியில் மண்தரை, தடித்த கல்சுவர், ஈரக் காற்று. ஆண்டுக்குச் சுமார் இரண்டு சதவீதம் பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போகிறது. பத்தாவது ஆண்டு திறக்கும்போது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போயிருக்கும். புகையும் குறையும். மால்ட்டில் இருந்த ஃபீனாலில் பெரும்பகுதி வடிக்கும்போதே போய்விடுகிறது, மீதியும் ஆண்டாண்டாக அடங்குகிறது. வயது கூடிய லஃப்ராய்க் இளைய லஃப்ராய்கைவிடச் சாதுவாக இருப்பது இதனால்தான். 2004ல் வந்த குவார்ட்டர் காஸ்க் என்ற சரக்கு, கால் அளவுப் பீப்பாய்களில் கடைசிக் கட்டத்தைக் கழித்தது. சிறிய பீப்பாயில் சாராயத்துக்கு மரத்தின் உரசல் அதிகம், அதனால் சீக்கிரம் பக்குவம் வரும்.

உலகம் வந்து சேர்ந்தது

லாங் ஜானுக்குப் பிறகு விட்பிரெட், அலைட் என்று கைமாறிய ஆலை 2005ல் ஜிம் பீம் நிறுவனத்திடம் போனது. 2014ல் ஜப்பானின் சன்டோரி நிறுவனம் ஜிம் பீமை வாங்கியதால் இன்று அதன் கையில் இருக்கிறது. மாடு மேய்த்தவர்கள் தொடங்கிய ஆலையின் தாய் நிறுவனம் இப்போது தூரக் கிழக்கில்.

1994 ஜூன் மாதம் அன்றைய இளவரசர் சார்ல்ஸ் ஐலாவுக்கு வந்தார். விமானம் ஓடுபாதையைத் தாண்டி ஓடிச் சதுப்பில் மூக்கைக் குத்தி நின்றது. யாருக்கும் காயமில்லை. அன்றே லஃப்ராய்குக்கும் போனார். அதே ஆண்டு அவருடைய அரச முத்திரை லஃப்ராய்குக்குக் கிடைத்தது. 

அதே 1994ல் ‘லஃப்ராய்கின் நண்பர்கள்’ என்ற திட்டம் தொடங்கியது. பாட்டில் வாங்கியவர் பதிவு செய்துகொண்டால், ஆலைக்கு எதிரே உள்ள புல்வெளியில் ஒரு சதுர அடி நிலம் அவர் பெயரில் வாழ்நாள் குத்தகைக்கு. நேரில் வந்தால் வாடகையாக ஒரு சிறு குப்பி விஸ்கி கொடுப்பார்கள். குத்தகைதாரர் எண்ணைத் தேடிப் போய், தன் நாட்டுக் கொடியை ஈர மண்ணில் நட்டுவிட்டு வரலாம். விற்பனை உத்திதான். ஆனாலும் தூர தேசத்து வாடிக்கையாளரை மண்ணோடு சேர்த்துக் கட்டிய நல்ல உத்தி.

இனி என்ன

லஃப்ராய்கின் வரலாறு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. புகை வேறு வழியில்லாததால் வந்தது. ரயில் வராததால் தங்கியது. அதன்பின் வேறு எரிபொருள் கிடைத்த காலத்திலும், விற்கக் கடினமாக இருந்த காலத்திலும், அதைக் கைவிட மறுத்த மனிதர்களால் அடையாளமானது. சூளையில் 15 மணி நேரம், கொப்பரையில் 45 நிமிடம் என்று எந்த முதலாளி வந்தாலும் மாற்றாமல் வைத்த பழக்கங்கள்தான் அந்த வாசத்தின் காவல். தொழில் பெரிதாகும்போது செலவைக் குறைக்க முதலில் வெட்டப்படுவது இப்படிப்பட்ட நேரங்கள்தான். லஃப்ராய்கில் வெட்டவில்லை. எனவேதான் அது இன்றும் லஃப்ராய்க்.

ஒரு கணக்கு மட்டும் பாக்கி இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும் பொருளை எரித்து இந்த வாசம் வருகிறது. பீட் நிலம் வெறும் எரிபொருள் கிடங்கு அல்ல, வளிமண்டலத்துக்குப் போகாமல் கார்பனைப் பூட்டி வைத்திருக்கும் இடம். ஸ்காட்லாந்தின் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு பீட் நிலம், அதில் பெரும்பகுதி பழுதுபட்டிருக்கிறது. வடிகால் வெட்டிக் காயவிட்ட சதுப்பிலிருந்து கார்பன் மறுபடி காற்றில் கலக்கிறது. 2021ல் சன்டோரியின் நிறுவனம் ஸ்காட்லாந்தில் பீட் நிலங்களைச் சீராக்கப் பணம் ஒதுக்குவதாக அறிவித்தது. நல்ல தொடக்கம். வெட்டி எடுக்கும் அளவுக்குச் சதுப்பை மறுபடி நனைத்துப் பாசி வளர விட்டால் மட்டுமே அது நியாயமான கணக்காகும். ஜான்ஸ்டன்களும் ஹன்டரும் பெஸ்ஸியும் ஆலையைக் காத்தார்கள். இனி வருகிறவர்கள் காக்க வேண்டியது சதுப்பை. அது போனால் கொப்பரையும் கிட்டங்கியும் சுவரில் எழுதிய பெயரும் இருக்கும், லஃப்ராய்க் இருக்காது.